க்ளெமான்ஸின் ஃப்ரிட்ஜ் சாவி

என் ஓரகத்தி க்ளெமான்ஸின் ஃப்ரிட்ஜ் செத்த அன்றைக்கு நான் வழக்கத்தைவிட இரண்டு வடை கூடுதலாகத் தின்றேன். வயிறு கேட்கவில்லை, மனசு கேட்டது. இவளெல்லாம் ஒரு பொம்பளையா என்று யாருக்காவது தோன்றினால் தோன்றட்டும். முழுக் கதையையும் கேட்டுவிட்டுத் திட்டட்டும்.

நான் பாகூர்ப் பக்கத்துக்காரி. கழனி வேலை செய்கிற வீட்டுப் பெண். பெயர் தனக்கொடி. நோணாங்குப்பம் படகுத் துறையில் வேலை பார்க்கும் அலெக்சியை விரும்பிக் கட்டிக்கொண்டு புதுச்சேரிக்கு வந்தேன். அவருடைய அண்ணன் ரொலான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். வீடு அண்ணன் பெயரில் இருந்தது. அண்ணி க்ளெமான்ஸுக்குப் பிரான்சிலிருந்து பென்ஷன் வந்தது. தெருவில் எல்லோருக்கும் அவள் மதாம். எங்களுக்குப் பின்கட்டில் ஓர் அறை கொடுத்திருந்தாள். சமையலறை மட்டும் பொது.

அந்தச் சமையலறையில்தான் ஃப்ரிட்ஜ் நின்றது. ஒற்றைக் கதவு, பச்சை நிறம், கதவில் பூட்டு. வீட்டில் இருப்பதே மூணு பேர், இதில் எந்தத் திருடனுக்குப் பயந்து பூட்டினாளோ தெரியாது. சாவியை ஜெபமாலையோடு சேர்த்து இடுப்பில் செருகியிருப்பாள். பால் வேண்டும் என்றாலும் அவளைக் கூப்பிட வேண்டும். அவள் வந்து திறந்து, எடுத்துக் கொடுத்து, பூட்டிவிட்டுப் போவாள். சனிக்கிழமை காலையில் மட்டும் சாவி என் கைக்கு வரும். ஏனென்றால் பூட்டு அவளுடையது, அழுக்கு என்னுடையது.

சனிக்கிழமை நான் செய்ததை யாரும் நின்று பார்த்ததில்லை. சுவிட்சை அணைத்துக் கதவைத் திறந்து போடுவேன். ஐஸ் பெட்டிக்குள் ஒரு கிண்ணம் வெந்நீர் வைப்பேன். பனிக்கட்டி தானாக இளகிப் பாளம் பாளமாக விழும். சோடா உப்புக் கரைத்த தண்ணீரில் தட்டுகளைக் கழுவுவேன். கதவைச் சுற்றியிருக்கும் ரப்பரின் மடிப்பில் கருப்பாகப் பூசணம் பிடிக்கும், அதைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்ப்பேன். பின்னால் தண்ணீர் வடிகிற தட்டு ஒன்று இருக்கிறது. அதை எடுத்துக் கொட்டாவிட்டால் கொசு முட்டையிடும். அப்படி ஒரு தட்டு இருப்பதே க்ளெமான்ஸுக்குத் தெரியாது. "கத்தி மட்டும் போட்றாதீங்கம்மா, உள்ள கேஸ் ஓடுது" என்று மெக்கானிக் கமலக்கண்ணன் ஒருமுறை சொன்னபோது அவளும் பக்கத்தில்தான் இருந்தாள். காதில் வாங்கியது நான் மட்டும்.

பாண்டிச்சேரி என்ற பெயரைப் புதுச்சேரி என்று மாற்றிய அந்த வருஷம் என் அம்மா மணியம்மாளுக்குச் சர்க்கரை ஏகத்துக்கு ஏறிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, தேறியதும் என் அறைக்கே கூட்டிக்கொண்டு வந்தேன். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. "ஃப்ரிட்ஜ் கதவுல வைங்க. ஐஸ் கட்டுற எடத்துல மட்டும் வெச்சிடாதீங்க. ஒரு தடவ உறைஞ்சிட்டா அது மருந்தே இல்ல" என்று நர்சம்மா இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

க்ளெமான்ஸ் மூக்கைச் சுளித்தாள். "நோயாளி சாமான் பக்கத்துல வெண்ணெய் வெக்கக் கூடாது தனக்கொடி. அதுவும் என் ஃப்ரொமாழ் பக்கத்துல!" ஃப்ரொமாழ் என்றால் சீஸ். மகன் ஃபாபிரிஸ் பாரிசிலிருந்து யாரிடமாவது கொடுத்தனுப்புவான். நாற்றத்தில் கருவாடு தோற்றுவிடும், ஆனால் நோயாளியின் மருந்து மட்டும் அவளுக்கு அசிங்கம். கெஞ்சிக் கூத்தாடி முட்டை வைக்கிற தட்டில் ஒரு மூலையை வாங்கினேன். வேளாவேளைக்கு அவள் திறந்து பாட்டிலை எடுத்துக் கொடுப்பாள், ஊசி போட்டதும் வாங்கி உள்ளே வைத்துப் பூட்டுவாள்.

ஒரு வாரம் கழித்து அம்மாவுக்கு அடங்காத தாகம் எடுத்தது. மறுநாள் பேச்சு குழறியது. ஊசி போட்டுக்கொண்டுதானே இருக்கிறோம் என்று நான் விழித்தேன். ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நர்சம்மா மருந்துப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்ளே திரி திரியாக மிதந்தது. "இது உறைஞ்சி போன மருந்து. யாரு ஐஸ்ல வெச்சது?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து நானும் அதையே கேட்டேன். க்ளெமான்ஸ் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். "நான் ஏம்மா அதத் தொடப்போறேன்? சனிக்கிழம சுத்தம் பண்றவ நீ. மேல வெச்சிட்டு மறந்திருப்ப." அலெக்சி அண்ணியின் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு, "வேலை நெருக்கடியில மறந்திருப்ப தனம், விடு" என்றார். இருக்கிற வீடு அண்ணன் வீடாயிற்றே. பாகூரிலிருந்து பார்க்க வந்த சொந்தக்காரர்கள், பெற்றவளின் மருந்தைக்கூட ஒழுங்காக வைக்கத் தெரியாதவள் என்று என் காதுபடவே பேசினார்கள்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். கட்டிலில் கிடந்த அம்மா என் கையைப் பிடித்து, "போவட்டும்டி, மறதிதான? வேணும்னா செஞ்ச?" என்றாளே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. என்னைப் பெற்றவளே நான்தான் செய்தேன் என்று நம்பிவிட்டாள், நம்பி மன்னித்தும் விட்டாள். அன்றைக்கு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று சபதம் எடுத்தேன். க்ளெமான்ஸ் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். என் அம்மா அதைக் காதால் கேட்க வேண்டும்.

எப்படிச் சொல்ல வைப்பது என்று தெரியவில்லை. வழியை அவளே காட்டினாள். அம்மா வீடு திரும்பிய அன்று, "இனிமே என் ஃப்ரிட்ஜ்ல நீ கைய வெக்காத. சனிக்கிழம சுத்தமும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்றாள். "சரிக்கா" என்றேன். அவ்வளவு பணிவாக நான் வேறு எதற்கும் சரி சொன்னதில்லை.

அம்மாவின் மருந்துக்கு மண்பானை வாங்கினேன். பானைக்குள் ஈர மணல், மணலுக்குள் சின்னக் கலயம், கலயத்துக்குள் மருந்து. இதுவும் நர்சம்மா சொல்லித் தந்ததுதான். மருந்துக்குப் போதுமான குளிர்ச்சி அதில் இருந்தது.

பிறகு நான் ஒன்றுமே செய்யவில்லை. சத்தியமாக ஒன்றுமே செய்யவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஈரக் காற்றில் ஐஸ் பெட்டி வெள்ளையாகப் பூத்தது. ரப்பரில் பூசணம் ஏறிக் கதவு சரியாக ஒட்டாமல் போனது. ஒட்டாத இடுக்கில் காற்று புக, ஐஸ் இன்னும் தடித்தது. பால் திரிந்தால் க்ளெமான்ஸ் குளிரைக் கூட்டுகிற திருகியை ஒரு எண் கூட்டி வைப்பாள், ஐஸ் இன்னொரு விரல்கடை ஏறும். பின்னால் அந்தத் தட்டு நிரம்பி நாறியது. எலி செத்துக் கிடக்கிறது என்று அவள் அலமாரியையெல்லாம் இழுத்துப் போட்டுத் தேடினாள். நான் நிதானமாக உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். அந்த நாற்றம் எனக்குச் சாம்பிராணி மாதிரி இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு ஃபாபிரிஸ் வருவதாக இருந்தது. சும்மா இல்லை, பெண் வீட்டாரோடு. பாரிசில் குடியேறிய புதுச்சேரிக் குடும்பம். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்தாள் க்ளெமான்ஸ். இரண்டு நாள் முன்பே வைத்திக்குப்பத்தில் வஞ்சிரமும் இறாலும் வாங்கி வந்துவிட்டாள். பன்றி இறைச்சி, வெண்ணெய், ஃப்ரொமாழ், குட்டிக் குட்டிக் கிண்ணங்களில் க்ரேம் காரமெல் என்கிற பால் இனிப்பு. எல்லாவற்றையும் அடுக்கினாள். மீனை வைக்க ஐஸ் பெட்டியைத் திறந்தால் உள்ளே கை நுழைய இடமில்லை. சுவரெல்லாம் பனிப்பாறை.

மீன் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

நான் வடைக்கு உளுந்து அரைத்துக்கொண்டிருந்தேன். கையை நிறுத்தினேன். முதல் குத்து, இரண்டாம் குத்து. பனித்தூள் அவள் தலைமுடியில் தெறித்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். தொண்டைவரை வந்தது. அம்மா கட்டிலில் கிடந்து, மறதிதான என்றது ஞாபகம் வந்தது. வார்த்தையை விழுங்கினேன்.

"ஏண்டி மரமாட்டம் பாத்துக்கிட்டு நிக்கிற? வந்து ஒரு கை புடியேன்!"

"கைய வெக்காதன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க."

முறைத்துவிட்டு ஓங்கி ஒரு குத்து விட்டாள். உஸ்ஸ் என்று ஒரு சீறல் கேட்டது. "பாத்தியா, வுடுது" என்று சிரித்தாள். ஐஸ்தான் விடுகிறது என்று நினைத்துவிட்டாள். மீனை உள்ளே திணித்து, கதவை அறைந்து சாத்தி, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் சமையலறைத் தரையில் மீன் ரத்தம் கலந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "மோன் தியே!" என்று கடவுளைக் கூப்பிட்டு க்ளெமான்ஸ் போட்ட கூச்சலில் அலெக்சி வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். அம்மாவும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து என் அறை வாசலில் நின்றாள். கமலக்கண்ணனைக் கையோடு கூட்டி வந்தார்கள். அவன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினான்.

"கத்தி போட்டீங்களா மதாம்? ஓட்டையாயிடுச்சி. கேஸ் பூரா போயிடுச்சி. இன்னைக்கு நாளைக்கு ஆவுற வேல இல்ல இது."

க்ளெமான்ஸின் முகம் பூசிய பவுடரோடு சிவந்தது. திரும்பினாள். விரல் என் மூக்குக்கு நேராக வந்தது. "இவதான்! இவ்ளோ நாளா வேணும்னே போட்டு வெச்சா. நேத்திக்கு நான் குத்தும்போது வாயத் தொறக்காம நின்னு வேடிக்க பாத்தா. பழி வாங்குறா என்னை! பழி வாங்குறா!"

அலெக்சிதான் கேட்டார், பாவம், ஒன்றும் புரியாமல்தான் கேட்டார். "அவ எதுக்கு அண்ணி உங்களப் பழி வாங்கணும்?"

"எதுக்கா? அந்தப் பாழாப்போன ஊசி மருந்துக்குத்தான்! ஃப்ரொமாழ் வெக்க எடமில்லன்னு ஒரே ஒரு ராத்திரி ஐஸ்ல வெச்சேன். காலையில எடுத்து வெயில்ல காட்டிதான குடுத்தேன்! அதுக்குப் போயி என் புள்ள கல்யாணத்துல…"

அத்தோடு நின்றது. தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். கமலக்கண்ணன் டார்ச்சை அணைத்துவிட்டு வாசலைப் பார்த்தான். அலெக்சி இந்த முறை தரையைப் பார்க்கவில்லை, அண்ணியைப் பார்த்தார். "நீங்களா அண்ணி?" என்றார். குரல் சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது. அவள் இடுப்பிலிருந்த சாவியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அம்மாவின் கண் நிறைந்திருந்தது. "தனம்" என்றாள். "நீ இல்லியாடி? நான் உன்னப் போயி…" மெல்ல நடந்து வந்து அன்றைய வடைக்கு அரைத்த மாவு அப்பியிருந்த என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த கல் அப்போதுதான் இறங்கியது. எனக்கும் அழுகை வந்தது, ஆனால் க்ளெமான்ஸுக்கு முன்னால் அழுவேனா?

கமலக்கண்ணன் போன பிறகு அவள் தனியாக உட்கார்ந்து சாமான்களை வெளியே எடுத்தாள். மீன் கெட்டுவிட்டது. வெண்ணெய் உருகிக் காகிதத்தில் வழிந்தது. க்ரேம் காரமெல் மட்டும் தப்பியிருந்தது, அதுவும் நாளை மத்தியானம்வரை தாங்காது. கிண்ணங்களைத் தட்டில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் சமையலறை நடுவில் நின்றாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

என் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. சாகக் கிடந்தவள் அவள், இரக்கமும் அவளுக்குத்தான் வந்தது. "இந்தாம்மா கிளமான்சம்மா, எம் பொண்ணு பானையில எடம் கெடக்குது. குளுகுளுன்னு இருக்கும். அதையும் வெண்ணெயையும் குடு, வெக்கலாம்."

க்ளெமான்ஸ் பானையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் கையேந்தி நின்றது அதுதான் முதல் தடவை. தட்டை நீட்டிக்கொண்டு இரண்டடி முன்னால் வந்தாள்.

நான் எழுந்து மூடியை எடுத்துப் பானையை மூடினேன்.

"வேணாம்மா" என்றேன் அம்மாவிடம். "நோயாளி சாமான் பக்கத்துல வெண்ணெய் வெக்கக் கூடாது. அக்காவே சொல்லியிருக்காங்க."

பிறகு வடை சுட எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினேன்.