ஏழாம் கேள்விக்கு முந்நூறு சொற்கள்

1

இந்தக் கதை ஒரு விண்ணப்பப் படிவத்தின் ஏழாம் கேள்விக்குப் பதிலாகத் தொடங்கியது. "திட்டத்தின் திருத்திய விவரம், முந்நூறு சொற்களுக்கு மிகாமல்." மூன்றாம் நாள் எண்ணிப் பார்த்தால் எழுநூறைத் தாண்டியிருந்தது. அரசாங்கத்துக்கு அனுப்ப முடியாது. அதனால் உங்களுக்கு.

முதலில் எழுதிய தொடக்கம்: "என் அண்ணன் இருபத்தாறு ஆண்டுகள் நாடகக் கலைக்குத் தன்னை அர்ப்பணித்—" அடித்துவிட்டேன். அவனுக்கு வேறு வேலை தெரியாது, அவ்வளவுதான்.

இரண்டாவது: [மருத்துவமனை, ஜன்னல், மழை. வேண்டாம். அன்றைக்கு மழையே பெய்யவில்லை.]

மூன்றாவது: அண்ணன் என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படிவத்தில் கையெழுத்துப் போட்டான். பேனா விட்டு விட்டு எழுதியது. உதறினான். மேசை விரிப்பில் மூன்று சொட்டு மை விழுந்தது. "ஆபீஸ்ல இருந்து ஒரு நல்ல பேனாவைத் திருடக்கூடத் துப்பில்லையே உனக்கு" என்றான். அதற்கு மறுநாளிலிருந்து எதுவும் சாதாரணமாக இல்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கடிதம் எழுதுகிறவள். இழப்பீடு கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லும் கடிதங்கள். எல்லாமே 'வருந்துகிறோம்' என்று தொடங்கும். பத்தொன்பது வருடங்களாக எழுதுகிறேன். அண்ணன் எனக்கு அதையே பெயராக வைத்துவிட்டான். "ஏ வருந்துகிறோம், தண்ணி கொண்டா" என்பான்.

அவனுக்கு நாடகம் போடத் தெரியும். படிவம் நிரப்ப வராது. கலை மானியத்துக்கான படிவத்தில் 'சமூகப் பயன்' என்ற கட்டத்தில் "சிரிப்பார்கள்" என்று மட்டும் எழுதி அனுப்பியவன். அதன்பிறகு நான் எழுதுவேன், அவன் அடிப்பான். இதுதான் எங்கள் முறை.

"'விளிம்புநிலை'ய எடு. பெரியக்கா கேட்டா, எந்த விளிம்புலடா நிக்கிறேன்னு அடிக்க வருவா."

பெரியக்கா என்பவள் மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் மேற்பார்வையாளர். அவளையும் சேர்த்து அங்கே வேலை செய்யும் ஒன்பது பெண்களை வைத்து, அங்கேயே நடிக்கிற மாதிரி ஒரு நாடகம் செய்திருந்தான். கொடியில் தொங்கும் விரிப்புகள்தான் திரை. பெரிய டாக்டரின் வெள்ளைக் கோட்டு தொலைந்துபோகிறது. தேடுகிற சாக்கில் ஆளாளுக்கு அதைப் போட்டுப் பார்க்கிறார்கள். போட்டவள் உடனே அடுத்தவளுக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கிவிடுகிறாள். முழுக்கச் சிரிப்பு. யாரும் சாவதில்லை.

மானியம் கிடைத்தால்தான் பார்வையாளர்களை உள்ளே விட மருத்துவமனை சம்மதிக்கும். அரசு முத்திரை இல்லாத எதற்கும் அங்கே கதவு திறக்காது.

பழைய நாடகங்களையும் சேர்த்து ஆறு முறை விண்ணப்பித்தோம். ஆறு முறையும் இல்லை. வந்த கடிதங்களைப் படித்துவிட்டு, நடை சரியில்லை என்று நான் குறை சொல்வேன்.

3

ஏழாம் முறை எழுதும்போது எனக்கு வெறுத்துப்போயிருந்தது. கோப்பு படிக்கிறவர் எந்த வரியில் நிற்பார் என்பது என் தொழிலில் தெரிந்துவிடும். சாவு தலைகாட்டுகிற வரியில் நிற்பார். ஆகவே எழுதினேன்: "விண்ணப்பதாரரின் உடல்நிலை காரணமாக, இதுவே அவரது கடைசிப் படைப்பாக இருக்கக்கூடும்."

பச்சைப் பொய். அவனுக்கு இருந்தது இருமல். இருமல் யாருக்கு இல்லை?

அடிப்பான் என்று காத்திருந்தேன். பேனா அந்த வரியைத் தாண்டிக் கீழே போனது.

"என்ன, இத விட்டுட்ட?"

"நல்லாத்தானே இருக்கு."

"பொய்ண்ணா."

"நீ எழுதினதுலயே அலங்காரம் இல்லாத வரி இதுதான், வருந்துகிறோம். இருந்துட்டுப் போகட்டும்."

[ஓரத்துக் குறிப்பு: காப்பீட்டில், ஒரு வாக்குமூலம் கையெழுத்திட்ட தேதியில் உண்மையா என்று மட்டுமே பார்ப்போம். பொய்யாகச் சொன்னது பிற்பாடு உண்மையாகிவிட்டாலும் அது பொய்தான். இந்த விதியை மேற்கோள் காட்டி எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூடத் திரும்ப எழுதியதில்லை.]

மறுநாள் மூச்சு வாங்குகிறது என்று அதே மருத்துவமனைக்குப் போனான். ஐந்து வாரம். நுரையீரல். கடைசிவரை அவன் கட்டிலுக்கு மட்டும் தினமும் கிழிசல் தைத்த தடமில்லாத நல்ல விரிப்பு வந்தது. யார் அனுப்பினார்கள் என்று நான் கேட்கவில்லை. தெரியும்.

4

அவன் போய் இரண்டு மாதம் கழித்து, மானியம் ஒப்புதலானதாகக் கடிதம் வந்தது.

மானிய அலுவலக அதிகாரியைப் பற்றி எழுத வேண்டும். முந்தைய பிரதியில் அவருக்கு ஒரு தொப்பை வைத்திருந்தேன்; குண்டூசியால் பல் குத்த வைத்திருந்தேன். உண்மையில் அவர் ஒல்லி. நான் உள்ளே போனதும் எழுந்து, பக்கத்து அறையிலிருந்து தானே நாற்காலி தூக்கி வந்தார். கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதை எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும்.

"மேடம், குழுவில எல்லாருமே அந்த ஒரு வரிக்கு அடிக்கோடு போட்டிருந்தாங்க. நானே கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டேன்."

"எந்த வரி?" தெரிந்தேதான் கேட்டேன். படித்துக் காட்டினார். நிறுத்தி, அழகாகப் படித்தார்.

"இப்ப வாரிசுன்னு நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும். விவரத்த மட்டும் கொஞ்சம் மாத்திக் குடுங்க. கோட்டு தொலையுறது, தேடுறது... இந்தச் சமயத்துல அது எடுபடாது இல்லையா? அவர் படுத்திருந்த விரிப்ப அந்தப் பெண்களே துவைச்சாங்கன்னு போன்ல சொன்னீங்களே. அதுதான் மேடம் நாடகம்."

சொல்லியிருந்தேன்தான். என் வாய்.

"மாத்தலன்னா?"

"குழு மறுபடி கூடணும். கூடினா..." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாக்கியத்தை முடிக்கவில்லை. அதை முடிக்க என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

5

சலவைக்கூடம் மருத்துவமனையின் பின்பக்கம், தரைமட்டத்துக்குக் கீழே. அழுக்கு வருகிற கதவு வேறு, சுத்தம் போகிற கதவு வேறு. இரண்டுக்கும் நடுவே ஆவி. பேசுகிறவரின் முகம் இரண்டடி தள்ளி நின்றால் தெரியாது.

"அழணுமாமா?" பெரியக்கா விரிப்பின் ஒரு முனையை என் கையில் திணித்தாள். "பிடி, மடிக்கணும். அழுறதுக்கு எங்களுக்கு ஒத்திகை எதுக்கு தங்கச்சி? சிரிக்கத்தான் உங்கண்ணன் எட்டு மாசம் உயிர வாங்கினான்."

இஸ்திரி இயந்திரத்துப் பக்கமிருந்து ஒருத்தி குரல் கொடுத்தாள்: "எனக்கு அழுற வேஷம்னா கூடுதலா ரெண்டு வசனம் வேணும்!"

"வாய மூடிட்டு வேலையப் பாருடி."

நான் சொல்லிவிட்டேன். "பெரியக்கா, அது நான் எழுதின பொய். கடைசிப் படைப்புன்னு. எழுதி வச்சு அவன அனுப்பிட்டேன்."

அவள் நிறுத்தவில்லை. முனைக்கு முனை சேர்த்தாள்.

"எதடி பொய்? கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடியே மூணு மாசமாக் கைக்குட்டைய எங்கிட்டதான் குடுத்துட்டிருந்தான். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணிதான். சுடுதண்ணி பட்டா கறை பிடிச்சுக்கும். தனியா அலசி, காயவச்சு, மடிச்சுக் குடுப்பேன். மேல போய் டாக்டரப் பார்த்துட்டும் வந்தான். எவ்வளவு நாள்னு சொல்லிட்டாங்க."

விரிப்பு என் கையிலிருந்து நழுவியது. "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"கேட்டேன். சொன்னா அவ அத விண்ணப்பத்துல எழுதிருவான்னான்."

6

இந்த இடத்தில் கதையை நிறுத்தி ஒரு வாரம் சும்மா இருந்தேன்.

விதிப்படி பார்த்தால், கையெழுத்திட்ட தேதியில் அந்த வரி உண்மை. போட்டவனுக்கு அது தெரியும். எழுதியவளுக்குத் தெரியாது. அவன் வாழ்க்கையிலேயே அடிக்காமல் விட்ட ஒரே வரி. வாசித்தபோது அவன் முகம் எப்படி இருந்த— எனக்கு நினைவில்லை. நான் பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் முகத்தில் ஏதோ ஓடியதாக இங்கே எழுதலாம், நீங்களும் நம்புவீர்கள். எழுத மாட்டேன்.

முடிவுகள் மூன்று இருக்கின்றன.

ஒன்று: திருத்திக் கொடுக்கிறேன். ஒன்பது பெண்கள் விரிப்பைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். குழு எழுந்து நின்று கைதட்டுகிறது. இதற்கான விவரத்தை எழுதியும் விட்டேன். இருநூற்றுத் தொண்ணூற்றாறு சொற்கள். நன்றாக வந்திருக்கிறது. அதுதான் சங்கடம்.

இரண்டு: மறுக்கிறேன். தலை நிமிர்ந்து வெளியே வருகிறேன். எட்டு மாத உழைப்பு அந்தப் பெண்களுடையது. நிமிர்கிற தலை என்னுடையது. அடுத்தவர் வீட்டுச் சோற்றில் விரதம் இருப்பது போல.

மூன்றாவதைச் சொன்னது பெரியக்கா. "நீ அவங்களுக்குப் பிடிச்சத எழுதிக் குடு. கதவு திறக்கட்டும். நாங்க கோட்டத்தான் தேடுவோம்." அதற்கு நான் இன்னொரு பொய்யை, இம்முறை பொய் என்று தெரிந்தே, என் கையெழுத்தில் கொடுக்க வேண்டும். அந்த ஒல்லி மனிதர் முதல் வரிசையில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துத் தயாராக வைத்துக்கொண்டு அழக் காத்திருப்பார். மேடையில் கோட்டு தொலையும். பிறகு விசாரணை வரும். எனக்கு ஒரு கடிதம் வரும், வரட்டும். ஆனால் அந்த ஒன்பது பேரும் ஒப்பந்த வேலைக்காரர்கள். அவர்களை அனுப்பக் கடிதம்கூடத் தேவையில்லை.

"அது எங்க கவலை" என்கிறாள் பெரியக்கா. எட்டுப் பேர் தலையாட்டினார்கள் என்று எழுதியிருந்தேன். ஆறு பேர்தான் ஆட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். படிவத்தில் ஏழாம் கட்டம் வெறுமையாக இருக்கிறது. அவன் இருந்திருந்தால் நான் எழுதியிருப்பேன், அவன் அடித்திருப்பான். இப்போது எழுதுகிறவள் மட்டும் இருக்கிறேன். இதுவரை படித்த நீங்கள் எழுதுங்கள். அல்லது நான் எழுதியதை அடியுங்கள். யாராவது ஒருவர் அடித்தாக வேண்டும்.

காலை ஆறரைக்கு அழுக்கு விரிப்புகள் தள்ளுவண்டிகளில் வந்து சேர்கின்றன. ஞாயிற்றுக்கிழமையும்.