பக்கத்து வீட்டுச் சோறு

1

இந்தக் கதை எனக்கு ஒரு வரியாகக் கிடைத்தது. வவுனியாவில் சட்டத்தரணியாக இருக்கும் என் தோழி தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்: "செத்தவீட்டில ஒரு நேரம் சாப்பிட்டதை வைச்சு, சமாதானமாப் போயிட்டினம் எண்டு கோட்டில மறுமொழி போட்டிருக்கினம்."

யார், எந்த ஊர் என்று கேட்டேன். அவள் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. "நட்டஈட்டு வழக்கு," என்றாள். தேநீரை முடித்துவிட்டு, "ஒரு பொம்பிளைப் பிள்ளையைக் கெடுத்தது," என்றாள். பிறகு எழுந்துவிட்டாள்.

மற்ற எல்லாம் நான் உண்டாக்கியவை. பெண்ணுக்குக் கஜனி என்று பெயர் வைத்திருக்கிறேன். ஊருக்குப் புளியங்குளத்திலிருந்து கிழக்கே உள்ளே போகவேண்டும். தோழிக்கு விமலேஸ்வரி என்று பெயர். அது அவளுடைய பெயர் அல்ல.

2

தொடக்கங்கள்.

(அ) "அன்று மாலை கஜனி மில்லைப் பூட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு யோகலிங்கம்

இதை இங்கேயே விட்டேன். இந்த வாக்கியம் எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும். பொலிஸ் முறைப்பாட்டில் அது இருக்கிறது. வைத்திய அறிக்கையில் இருக்கிறது. கஜனி அதைச் சொல்லவேண்டியவர்களுக்குச் சொல்லிவிட்டாள். அவள் எனக்கும் சொல்லவேண்டியதில்லை.

(ஆ) "நட்டஈடு என்பது, சட்டத்தின் பார்வையில், ஒருவர் இழந்ததை

கட்டுரையாகப் போகிறது. ஆனாலும் இரண்டு விஷயங்களைச் சொல்லாவிட்டால் கதை விளங்காது. யோகலிங்கத்தைத் தண்டிப்பதற்கான வழக்கு வேறு. அதை அரசு நடத்துகிறது. அது இன்னும் விசாரணைக்கு வரவில்லை. இது கஜனி தானே மாவட்ட நீதிமன்றத்தில் போட்ட வழக்கு. செய்தவன் அதற்குப் பொறுப்பு என்று தீர்ப்பும், அதற்கு ஒரு தொகையும் கேட்கும் வழக்கு. இப்படியான வழக்கை இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். அவள் போட்டுவிட்டாள்.

[தொகையை எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் அதையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.]

(இ) "மில் ஓடவில்லை."

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

மில் ஓடவில்லை. மிளகாய், மல்லி, அரிசி அரைக்கும் மில். யுத்தம் முடிந்து மீள்குடியேறிய பிறகு தகப்பன் சிற்றம்பலம் கடன் எடுத்துப் போட்டது. அவர் நோயில் விழுந்தபின் கஜனி நடத்தினாள். ஊர்ச்சனம் வாளிகளோடு வந்து வரிசையில் நிற்கும்.

அவள் முறைப்பாடு கொடுத்த பிறகு சனம் சந்தி மில்லுக்குப் போய் அரைத்தது. யாரும் சண்டை பிடிக்கவில்லை. வாளிகள் வேறு பக்கம் போயின.

கஜனி காலையில் மில்லைத் திறப்பாள். மாலையில் பூட்டுவாள். இடைக்கிடை மோட்டரை வெறுமனே ஓடவிடுவாள்.

[இதை வாசித்த ஒருவர், வெறுமனே ஓடும் மோட்டர் நல்ல படிமம் என்றார். படிமம் இல்லை. ஓடாத மோட்டர் இறுகிவிடும்.]

வழக்குப் போட்ட அன்று விமலேஸ்வரி கேட்டாள்.

"காசு வந்தால் என்ன செய்யப்போறாய்?"

"மில்லை வைச்சிருப்பன்."

"அங்கதான் ஆரும் வாறேல்லையே."

"அதுக்குத்தான் அக்கா காசு. ஆரும் வராட்டிலும் கரண்ட் பில் வரும்."

"வவுனியாப் பக்கம், நெளுக்குளத்தில ஒரு துண்டுக் காணி பாத்துக்கொண்டு இஞ்சால வாவன். ஆருக்கும் உன்னைத் தெரியாது."

"நான் ஏன் எழும்பிப் போகவேணும்? செய்தவன் போகட்டும்."

இதுதான் அவள் கேட்பது. தன் ஊரில், தன் மில்லில் இருப்பதற்கு ஒரு வழி. தொகை அதற்கு. 'அவன் செய்தான்' என்று ஒரு நீதிபதி எழுதுவது தொகையைவிடவும் அதற்கு.

4

வழக்கு நடந்துகொண்டிருந்தபோது சிற்றம்பலம் இறந்தார்.

[மாரடைப்பு என்று எழுதியிருந்தேன். மகளின் கவலையால் போனார் என்று வாசித்துவிடுவீர்கள் என்பதால் அழித்தேன். சிறுநீரக நோய். அந்தப் பக்கத்தில் பலருக்கு இருப்பது.]

தாய் யுத்தத்தின் கடைசி மாதங்களில் இறந்துவிட்டாள். வேறு சகோதரம் இல்லை. ஊர் ஆண்கள் வந்தார்கள். பந்தல் போட்டார்கள், பாடை கட்டினார்கள், தூக்கினார்கள். சிற்றம்பலத்தோடு அவர்களுக்குக் கோபம் இல்லை. கொள்ளி வைக்கப் புதுக்குடியிருப்பிலிருந்து சித்தப்பாவின் மகன் வந்தான். வைத்தான், முழுகினான், பஸ்ஸுக்குப் போய்விட்டான். பெண்கள் முற்றத்தில் சிறிது நேரம் இருந்தார்கள். ஒருத்தியும் கஜனியைக் கட்டிக்கொண்டு அழவில்லை.

செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. பக்கத்து வீடு சமைத்துக் கொண்டுவரவேண்டும். எந்த வீடு என்று யாரும் கூடிப் பேசுவதில்லை. வேலிக்கு அடுத்த வீடுதான். கஜனியின் வேலிக்கு ஒரு பக்கம் குளக்கட்டு. மறுபக்கம் யோகலிங்கத்தின் வீடு.

ஊருக்கு இது தெரியும். தாங்கள் கொண்டுபோனால் அந்த வீட்டின் முறையைப் பறித்ததாகும் என்று மற்ற வீடுகள் இருந்துவிட்டன. அல்லது அப்படிச் சொல்லிக்கொண்டன.

பொழுதுபடும் நேரம் யோகலிங்கத்தின் தாய் வடிவம்மா சோற்றுப் பானையோடும் ஒரு சட்டியோடும் படலையைத் திறந்தாள்.

5

வடிவம்மாவை எழுத எனக்கு வரவில்லை.

முதலில் அவளை மகன் அனுப்பியதாக எழுதினேன். வேலிக்கு அப்பால் யோகலிங்கம் போனில் படம் எடுத்துக்கொண்டு நிற்பான். நாடகம் போல இருந்தது. பிறகு அவளை அழவைத்தேன். கஜனியின் கையைப் பிடித்து, என்ர பிள்ளை செய்ததுக்கு நான்

இது இன்னும் மோசம். கடைசியில் அவர்கள் பேசியதை மட்டும் எழுதினேன்.

"பிள்ளை."

கஜனி திரும்பவில்லை.

"சாப்பாடு கொண்டந்திருக்கிறன்."

"ஏன் வந்தனீங்கள்?"

"பக்கத்து வீடு. வேற ஆர் வாறது?"

"எடுத்துக்கொண்டு போங்கோ."

"செத்தவீட்டுக்குக் கொண்டந்த சோத்தைத் திருப்பிக் கொண்டுபோறேல்லை. சாப்பிடு, இல்லாட்டி நாய்க்குப் போடு. உன்ர விருப்பம்."

சொல்லிவிட்டு வடிவம்மா போகவில்லை. வாசற்படியில் இருந்தாள்.

"உன்ர அப்பர் என்ர கறியை ஒரு நாளும் உப்புக் காணாது எண்டு சொன்னதில்லை," என்றாள். "நான் எப்பவும் குறையத்தான் போடுறனான். மனுசன் பேசாமச் சாப்பிடும்."

கஜனி முதல்நாளிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு. தட்டில் எடுத்துப் போட்டுச் சாப்பிட்டாள். உப்புக் குறைவாகத்தான் இருந்தது.

[முறைப்பாடு கொடுத்த பிறகு ஊரில் இன்னொருவர் சமைத்ததை அவள் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. இதை அடைப்புக்குள் வைக்கிறேன். வெளியே விட்டால் கதை முழுவதும் இதுவாகிவிடும்.]

ஒழுங்கையில் போன இரண்டு பெண்கள் நின்று பார்த்தார்கள். அடுத்தநாள் ஊர் பேசியது: "வடிவம்மா சோறு குடுத்தா. அவளும் வாங்கிச் சாப்பிட்டிட்டாள். சரி, முடிஞ்சுது."

6

யோகலிங்கத்தின் மறுமொழி நீதிமன்றத்துக்கு வந்தது. அப்படி ஒரு சம்பவமே நடக்கவில்லை என்று முதலில் சொன்னது. பிணக்கு ஏதும் இருந்திருந்தாலும் அது ஊர் வழமைப்படி தீர்ந்துவிட்டது என்று பிறகு சொன்னது. வழக்காளி எதிராளியின் வீட்டு உணவை விரும்பி ஏற்று உண்டார். ஆகவே நட்டஈடு கேட்கும் உரித்து அவருக்கு இல்லை.

"சாப்பிட்டனீயோ?" என்று விமலேஸ்வரி கேட்டாள்.

"ஓம் அக்கா."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சாப்பிடுறதெல்லாம் சட்டத்தரணிக்குச் சொல்லுறதோ?"

"சோத்துக்குள்ள சமாதானத்தைப் போட்டுக் குழைச்சுத் தந்திருக்கினம்."

"கத்தரிக்காய்தான் இருந்தது."

விமலேஸ்வரி சிரித்தாள். பிறகு நிறுத்தினாள்.

"கவனமாக் கேள். சாப்பிட்டனீங்களோ எண்டு கேப்பினம். ஓம் எண்டு சொல்லு. அதோட நிப்பாட்டு."

"அவா தராட்டி ஆரும் தந்திருக்கமாட்டினம் எண்டு சொல்லலாமோ?"

"வேண்டாம். அவா நல்லவா எண்டு நீயே சொன்னதாப் போகும்."

"நல்லவா எண்டு நான் சொல்லேல்லை. பசிச்சது எண்டு சொல்லுறன்."

7

விசாரணைக்கு முன் கோயில் தலைவர் கதிர்காமநாதன் மில்லுக்கு வந்தார். வாளி கொண்டுவரவில்லை.

"கேட்டதில முக்காவாசி தாறம் எண்டு சொல்லினம், பிள்ளை. வழக்கை வாபஸ் வாங்கு."

"என்னத்துக்கெண்டு எழுதித் தருவினம்?"

"செத்தவீட்டு உதவி எண்டு போடுவம். ஒருத்தருக்கும் குறை வராது."

"அப்பாவுக்கு இப்ப காசு தேவையில்லை."

"உன்ர நன்மைக்குத்தான் சொல்லுறன். இது முடிஞ்சால் மில் திரும்ப ஓடும். நானே முதலாவதா மல்லி கொண்டு வாறன்."

"வழக்கு முடியாமலும் மல்லி கொண்டு வரலாமே, அண்ணை."

அவர் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

[இப்படி வரும் காசை வாங்குபவர்களை நான் குறை சொல்லவில்லை. அதில் வீடு கட்டியவர்கள் உண்டு, பிள்ளையைப் படிப்பித்தவர்கள் உண்டு. கஜனியையும் வாங்கவைத்து ஒரு பக்கம் எழுதினேன். மில் ஓடியது. வாளிகள் வந்தன. அவள் ஒருவருடைய முகத்தையும் பார்க்காமல் அரைத்துக் கொடுத்தாள். அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.]

8

விமலேஸ்வரி கேட்டதால், வழக்கோடு தொடர்பில்லாதவர்களை வெளியே அனுப்பியிருந்தார்கள். மண்டபத்தில் பார்வையாளர் வாங்குகள் வெறுமையாக இருந்தன. கஜனி சாட்சிக் கூண்டில் நின்றாள். எதிராளியின் சட்டத்தரணி எழும்பினார்.

"வடிவம்மா கொண்டுவந்த சாப்பாட்டைச் சாப்பிட்டீங்களா, இல்லையா?"

"ஓம். சாப்பிட்டனான்."

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

"இரண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டனான்," என்றாள் கஜனி.

[இந்த வரி என் யோசனையில் இருக்கவில்லை. அழித்துப் பார்த்தேன். அழித்தால் கூண்டில் நிற்பது வேறு யாரோ.]

"அப்ப விருப்பத்தோட சாப்பிட்டிருக்கிறீங்கள்."

"பசியோட சாப்பிட்டனான்."

"மனசில கோபம் இருந்தால் அந்த வீட்டுச் சோறு இறங்குமோ?"

"இறங்கும் ஐயா. கோபம் இருக்கேக்கையும் பசிக்கும்."

நீதிபதி எழுதினார். என்ன எழுதினார் என்று கூண்டிலிருந்து தெரியாது.

பிறகு வடிவம்மா ஏறினாள். மகனின் சாட்சி. தான் கொடுத்தது சமாதானச் சோறு என்று சொல்ல வந்தவள். சொல்லவும் சொன்னாள். விமலேஸ்வரி எழும்பி ஒரே கேள்வி கேட்டாள்.

"மகன் ஒண்டும் செய்யேல்லையெண்டால், அம்மா, என்னத்துக்குச் சமாதானம்?"

9

வடிவம்மா சொல்லக்கூடியவை.

"அவன் செய்தவன்." கஜனி வெல்கிறாள். இதை எழுத ஆசைப்பட்டேன். ஆனால் மகன் எதிரே இருக்கிறான். வடிவம்மா அவனோடுதான் வீட்டுக்குப் போகவேண்டும்.

"சமாதானம் எல்லாம் எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு முறைக்குக் கொண்டுபோனனான்." யோகலிங்கத்தின் வாதம் விழுகிறது. கூடவே இன்னொன்றும் விழுகிறது. ஊரில் ஒருத்தியாவது தன்னை நினைத்து வந்தாள் என்று கஜனி மனதில் எங்கேயாவது வைத்திருந்தால், அது.

"அவள் தனிய இருந்தாள்." இதை எழுதிவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இது கஜனிக்கு உதவுமா, யோகலிங்கத்துக்கு உதவுமா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் வைத்துக்கொண்டது இது: வடிவம்மா தண்ணீர் கேட்டாள். கொடுத்தார்கள். குடித்தாள். நீதிபதி கேள்வியை மறுபடி சொல்லச் சொன்னார். விமலேஸ்வரி சொன்னாள். வடிவம்மா கூண்டின் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாட்சி பதில் சொல்லவில்லை என்று பதிவானது.

கஜனி அவளைப் பார்த்தாள். வடிவம்மா பார்க்கவில்லை.

10

தீர்ப்புக்கு நாள் குறித்துத் தவணை போட்டிருக்கிறார்கள். அதுவரை கஜனி மில்லைத் திறக்கிறாள், பூட்டுகிறாள். வேலிக்கு அப்பால் வடிவம்மா முற்றம் கூட்டும் சத்தம் கேட்கும். இருவரும் பேசுவதில்லை.

தீர்ப்பை நானே எழுதிப் பார்த்தேன். 'வழக்காளி அந்த உணவை உண்டார் என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். ஆகவே

அதற்குப் பிறகு வருவதைப் பலமுறை எழுதினேன், அழித்தேன். அவள் வெல்லவேண்டும் என்பது என் விருப்பம். என் விருப்பத்தைத் தீர்ப்பாக எழுதிவிட்டால் அவளுக்கு ஒரு பயனும் இல்லை. நான் அந்த ஊரில் இருக்கப்போவதில்லை.

நீங்கள் அப்படி ஒரு ஊரில் இருக்கிறீர்கள். அந்த வாக்கியத்தை நீங்கள் முடியுங்கள்.

ஆகவே .....................................

அதற்கு முன் ஒன்று. செத்தவீடு நடந்த அன்று பின்னேரம் அந்த ஊரில் ஒரு வீட்டைத் தவிர எல்லா வீட்டிலும் அடுப்பு எரிந்தது. உங்கள் வீட்டில் என்ன சமைத்தீர்கள் என்று முதலில் எழுதுங்கள்.