சப்பரம் நிற்கும் வாசல்

1979-ஆம் ஆண்டுத் திருவிழாவில் மாதா சப்பரம் தலத்தெருவில் அந்த வாசலில் நின்றபோது படியில் இருந்தவர்கள் ஐந்து பேர்: வீட்டுக்காரர் பிலோமின்ராஜ், அவர் மனைவி சகாயம்மாள், பின்கட்டில் குடியிருந்த சிலுவைராஜ், அவன் மனைவி சலோமி, சப்பரத்தோடு வந்த, மாதா கோயில் ஊழியம் பார்க்கும் கோயில்பிள்ளை மரியமுத்து. தெருவே பார்த்தது. ஆனால் பேண்டு சத்தத்தில் பேச்சு காதில் விழுந்தது இந்த ஐவருக்குத்தான்.

சலோமிக்குத் தலைப்பிள்ளை பிறந்த வருஷம். தன் கையால் கட்டிய மாலையை ஏந்தி நின்றாள். பிலோமின்ராஜ் அதைப் பிடுங்கிக் கீழே வைத்தார்.

"வாசலுக்கு ஒரு மாலைதான். அது வீட்டுக்காரன் மாலை. வாடகைக்கு இருக்கிறவங்க கும்பிட்டுட்டுப் போங்க."

சகாயம்மாள் சிரித்தாள். மறுமாதமே சலோமி குடும்பம் நெரவிக்கு வீடு மாறியது. அந்தச் சிரிப்பும் கூடவே போனது.

இரண்டு வருஷம் கழித்து அந்த வீடு விலைக்கு வந்தது.

"நமக்கு எதுக்குடி கடன்? இந்த வாடகைக்கு இங்கேயே பத்து வருஷம் இருக்கலாம்," என்றான் சிலுவைராஜ். "வாங்கித்தான் ஆகணும்னா வரிச்சிக்குடியில மனை வாங்கிப் புதுசா கட்டலாம். அது மழைக்கு ஒழுகுற வீடு."

"ஒழுகட்டுங்க. வரிச்சிக்குடி வாசல்ல யாருங்க என் மாலையைப் புடுங்கினது?"

தாலியைத் தவிர மற்றதெல்லாம் கழற்றி அவன் முன் வைத்தாள்.

பத்திரம் பதிந்த அன்று பிலோமின்ராஜ் தயங்கிக் கேட்டார். "மகன் பிரான்சுக்குக் கூப்பிடுற வரைக்கும் பின்கட்டுல இருந்துக்கிறோம். வாடகை கொடுத்துடுறேன்."

சிலுவைராஜ் முடியாது என்று சொல்ல வாயெடுத்தான். சலோமி முந்திக்கொண்டாள்.

"தாராளமா இருங்க. வாடகைக்குத்தானே?"

அவள் மனசு பெரிது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அந்த வருஷம் சப்பரம் வந்தது. பிலோமின்ராஜ் சரிகை வேட்டி கட்டி, முப்பது வருஷப் பழக்கத்தில், மாலையோடு பின்கட்டிலிருந்து வந்தார். படியில் சலோமி நின்றாள், கையில் தன் மாலையோடு.

"வாசலுக்கு ஒரு மாலைதாங்க. வாடகைக்கு இருக்கிறவங்க கும்பிட்டுட்டுப் போங்க."

மரியமுத்து குறுக்கே வந்தார். "முப்பது வருஷமா போட்ட கை, தங்கச்சி."

"வீட்டுக்காரரா போட்டாரு, அண்ணே. இப்ப நான் வீட்டுக்காரி."

சகாயம்மாள் இந்த முறை சிரிக்கவில்லை. சலோமி அதையும் பார்த்துக்கொண்டுதான் மாலையைப் போட்டாள்.

கடைசி நிமிஷத்தில் அவள் மனமிரங்கி, அவர் மாலையையும் மாதாவுக்குப் போடச் சொன்னாள் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. சொல்லவில்லை. அவர் மாலை பின்கட்டுக்கே திரும்பிப் போனது.