உப்பு போட்ட ஐஸ்

சிவப்ரியாவுக்கு உட்கார்ந்தால் தூக்கம் வந்தது, படுத்தால்தான் வரவில்லை. அம்மா ராஜத்துக்குச் சினைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து பள்ளிக்கூடம், சமையல், ஆஸ்பத்திரி என்று சுரக்குடிக்கும் காரைக்காலுக்கும் அலைந்து நொந்துபோயிருந்தாள். இன்று மூன்றாவது ஊசி. முதல் இரண்டுக்கும் கட்டி அசைந்துகொடுக்கவில்லை, இதற்கும் கரையாவிட்டால் இந்த மருந்தை நிறுத்திவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு மேல் என்ன என்று கேட்க அவளுக்குத் தெம்பு வரவில்லை.

மருந்து லேசுப்பட்டதல்ல. கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழிகளைச் செய்து, அவற்றுக்குள் மருந்தை அடைத்திருக்கிறார்களாம். குமிழி உடையாமல் ரத்தத்தோடு போய், கட்டியில் தங்கி, அங்கேதான் மருந்தை விடுமாம். பெயர் என்னவோ நானோ மருந்து. சூடேறாமல் ஐஸில் வைத்து அதைக் கொண்டுவருவதுதான் மலையைத் தூக்குகிற வேலை. முடி அவ்வளவாகக் கொட்டாது என்றார்கள். ராஜத்துக்கு முதல் ஊசியிலேயே சீப்பு தேவைப்படாமல் போயிற்று. எல்லாம் நம் நேரம் என்று விட்டுவிட்டார்கள்.

புதுச்சேரியிலிருந்து மருந்தைக் கொண்டுவருவது தம்பி செந்தில்குமாரின் பொறுப்பு. மீன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் அவன் சூப்பர்வைசர். வழக்கமாக ராத்திரி வந்து, மருந்தை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுவான். இன்று பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தவன், தெர்மாகோல் பெட்டியை நர்ஸ் ஜஸீலாவிடம் கொடுத்துவிட்டு டீ வாங்கப் போனான்.

ஜஸீலா குப்பியை எடுத்துச் சாய்த்துப் பார்த்தாள். உள்ளே மருந்து ஆடவில்லை, கல்லாக இருந்தது.

"உறைஞ்சிருச்சுக்கா. இதைப் போடக்கூடாது. உறைஞ்சா குமிழியெல்லாம் உடைஞ்சிரும். திரும்ப உருகினா பாக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா மருந்து கட்டிக்குப் போவாம உடம்பெல்லாம் பரவிரும்."

டாக்டரைக் கூப்பிட அவள் போனாள். சிவப்ரியா பெட்டிக்குள் கைவிட்டாள். ஐஸ் தூளோடு கல் உப்பு நெருடியது. மருந்துக்கடையில் கொடுத்த ஐஸ் பையை நம்பாமல், வஞ்சிரத்தைக் கட்டுகிற மாதிரியே அம்மாவின் மருந்தையும் உப்பு போட்டுக் கட்டியிருக்கிறான், பாவி. உப்பு சேர்ந்தால் ஐஸ் இன்னும் குளிரும் என்று எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறவள் அவள். முன்பு வந்த குப்பிகளும் இப்படி உறைந்து, ஃபிரிட்ஜில் உருகித்தான் அம்மாவின் உடம்புக்குள் போயிருக்கும். அழுகை வரவில்லை, அசதிதான் வந்தது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் ராஜம் படுத்திருந்தாள்.

"அவன்கிட்ட சொல்லாதடி, தாங்க மாட்டான். எனக்கு இந்த மருந்து ஒத்துக்கலன்னே இருந்துட்டுப் போவட்டும்."

"அப்படிச் சொன்னா நிறுத்திருவாங்கம்மா."

"நிறுத்தட்டும். எனக்கும் போதும்னு இருக்கு."

சிவப்ரியாவுக்கும் போதும் என்றுதான் இருந்தது. அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

செந்தில் வந்ததும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். அவன் டீயைக் கீழே வைத்தான்.

"எல்லாத் தடவையும் அப்படித்தானேக்கா கட்டினேன்," என்றான். பிறகு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றான்.

ராஜம் மெதுவாக எழுந்து உட்கார்ந்து, மகனின் கையைப் பிடித்து இழுத்துக் கட்டிலில் உட்காரவைத்தாள். மகள் பக்கம் திரும்பவேயில்லை.

"இதுவரைக்கும் எனக்கு மருந்தே போடலன்னு வச்சுக்கடா. இனிமேத்தான் ஆரம்பம். அடுத்த தடவையும் நீதான் கொண்டாரணும்."