எரோனியின் நெஞ்சில் ஊறிய தண்ணீர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததில்லை, ஒரு ஆய்வுக்கூடச் சீட்டில் கிடைத்தது. வனுவா லேவு தீவின் ஓர் ஆஸ்பத்திரியில் (பெயர் கேட்காதீர்கள், இன்னும் அங்கேதான் மாத்திரை வாங்குகிறேன்) இருபத்திரண்டு வருஷம் பதிவெழுத்தனாகக் குப்பை கொட்டியவன் நான். அந்தச் சீட்டில் டாக்டர் "நெஞ்சு நீர்" என்று எழுதியிருந்தாள். ஆய்வுக்கூடத்து ரஜ்னீல் அதை அடித்துவிட்டுச் சிவப்பு மையில், "இது மூத்திரம். பார்த்து அனுப்பவும்" என்று எழுதியிருந்தான். விழுந்து விழுந்து சிரித்தேன். ஒரு மனுஷன் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

2

முதல் தொடக்கம்: "மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில் எரோனி..." வேண்டாம். எல்லார் கதையிலும் மழை பெய்தாயிற்று.

இரண்டாவது: "சிறுநீர்ப்பாதை அடைபட்டால், மிக அபூர்வமாக, அந்த நீர் உதரவிதானத்தைத் தாண்டி..." இது பாடப்புத்தகம். நீங்கள் புரட்டிவிடுவீர்கள்.

சரி, நேராகவே வருகிறேன். எரோனிக்கு அறுபத்தெட்டு வயது. ஊர்த்தலைவரின் பேச்சாளர். தலைவர் சபையில் வாய் திறக்கமாட்டார், அவருக்காக எரோனிதான் பேசுவார். யங்கோனா வேரைக் கரைத்த மரத்தொட்டியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டால் தலைவர் எழும்வரை யாரும் எழக்கூடாது. சிரட்டை சிரட்டையாகக் குடித்துவிட்டு ஆறு மணி நேரம் சம்மணம் போட்டுப் பேச வேண்டும். அந்த மனுஷனுக்கு இப்போது நாலு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்கியது.

வலது நெஞ்சில் தண்ணீர். டாக்டர் சலனியெட்டா இரண்டு முறை ஊசி குத்தி எடுத்தாள், இரண்டு முறையும் திரும்ப ஊறிவிட்டது. காசநோய் என்றார்கள், கிருமி இல்லை. புற்றுநோய் என்றார்கள், அதற்கும் அடையாளம் இல்லை. வெள்ளிக்கிழமைக் கப்பலில் தலைநகர் சுவாவுக்கு அனுப்பி நெஞ்சைத் திறந்து பார்ப்பதென்று முடிவாயிற்று. இந்த மூச்சோடு கப்பல் ஏறினால் ஆள் கரை சேரமாட்டார் என்று அவள் பயந்தாள்.

3

(இங்கே டாக்டர் எனக்குச் சரியாக அமையவில்லை. முதல் பிரதியில் அவள் அந்த நீரை மோந்து பார்த்தாள், உடனே நோயைக் கண்டுபிடித்தாள். பொய். மோந்து பார்த்தாள், வார்டு கக்கூஸைக் கழுவவில்லை என்று கத்தினாள்.)

மூன்றாவது முறை எடுத்த பாட்டில் ஆய்வுக்கூடத்துக்குப் போனதும் ரஜ்னீல் போன் செய்தான்.

"டாக்டர், மறுபடியும் மூத்திரத்த நெஞ்சு பாட்டில்ல ஊத்திட்டீங்க."

"நானே குத்தி எடுத்தேன் ரஜ்னீல். நெஞ்சுலேருந்து."

"அப்ப உங்க ஊசி ரொம்ப நீளம்."

போனை வைத்தாள். நேரே எரோனியின் கட்டிலுக்குப் போய், "ஐயா, ஒண்ணுக்கு ஒழுங்காப் போகுதா?" என்று கேட்டாள். மகள் வயதுப் பெண் கேட்டால் எந்தப் பேச்சாளர் வாய் திறப்பார்? "நல்லாப் போகுது" என்று சுவரிடம் சொன்னார். சேர்ந்த நாளிலும் இதையேதான் சொல்லியிருந்தார்.

போன் பேச்சைக் கேட்டிருந்த நர்ஸ் கெலெரா அந்தப் பக்கம் வந்தது நம் அதிர்ஷ்டம். அவள் ஊருக்கும் இவர் ஊருக்கும் தௌவு உறவு. நம்ம மச்சான் முறைக் கேலிதான், ஆனால் ஊரோடு ஊருக்கு. எவ்வளவு ஏசினாலும் கோபப்படக் கூடாது.

"யோவ் பெருசு, உங்க ஊர்ல எது எந்த வழியா வரணும்னே தெரியாதா? எல்லாத்தையும் வாயாலதான் விடுவீங்கன்னு நெனச்சேன். இப்ப நெஞ்சுலயும் விட ஆரம்பிச்சிட்டியா?"

டாக்டர் ஆடிப்போய்விட்டாள். எரோனி சிரித்தார், இருமினார், திரும்பவும் சிரித்தார்.

"போடி மீன் திருடி. உங்க ஊர்க்காரன் பாயிலேயே போவான். நானாவது மூணு மாசமா சொட்டுச் சொட்டா..."

நிறுத்திக்கொண்டார். ஆனால் வார்டே கேட்டுவிட்டது. டாக்டர் போர்வையை விலக்கி அடிவயிற்றைத் தொட்டாள். கல் மாதிரி இருந்தது. இத்தனை நாளும் எல்லாரும் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

4

சிறுநீர்க் குழாய் போட்டதும் ஒன்றரை லிட்டர் வந்தது. நெஞ்சு நீரில், சிறுநீரோடு கழிய வேண்டிய கிரியாட்டினின் இரத்தத்தில் இருப்பதைவிட மூன்று மடங்கு என்று ரஜ்னீல் எழுதி அனுப்பினான், இந்த முறை நீல மையில். வீங்கிய புராஸ்டேட் சுரப்பி வழியை அடைக்க, நீர் பின்னோக்கிப் போய்ச் சிறுநீரகத்தில் கசிந்து, மேலே நெஞ்சுக்கு ஏறியிருக்கிறது. கீழே வழி விட்டதும் நெஞ்சு நாலே நாளில் வறண்டது. கப்பல் அவர் இல்லாமல் போயிற்று.

5

முடிவு ஒன்றில் எரோனியைச் சாகடித்தேன். படித்துப் பார்த்த கெலெரா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. அதைக் கிழித்துவிட்டேன்.

முடிவு இரண்டு. அடுத்த மாதம் பன்னிரண்டு ஊர்த்தலைவர்கள் கூடிய பெரிய சபை. சுரப்பி ஆபரேஷனுக்கு இன்னும் முறை வரவில்லை. குழாயும் பையும் இடுப்பில் சுற்றிய சுலுத் துணிக்குள் கெண்டைக்காலில் கட்டியிருக்கின்றன. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்பதாவது சிரட்டையிலும் எரோனி நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான் மற்றவர்களைக் கவனிக்கிறார். கிழவர்கள் எல்லாரும் தொடையை இறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் தலைவரின் முழங்கால் ஆடுகிறது. அவருக்கும் எழுபத்தொன்று ஆகிறது. விருந்தாளிகளை வைத்துக்கொண்டு அவர் முதலில் எழ முடியாது, வாய் திறந்து சொல்லவும் முடியாது. அவருடைய வாய் எரோனிதான்.

எரோனி கையைக் குவித்து மூன்று முறை தட்டுகிறார். சபை அடங்குகிறது. மூச்சை இழுக்கிறார், அது அடிவரை போகிறது.

"தலைவர் என்ன சொல்றாருன்னா..."

தலைவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாத ஒரு வார்த்தையை எரோனி முப்பது வருஷத்தில் சொன்னதில்லை. எரோனி தொடங்கிய வாக்கியத்தைப் பதினோரு முறை எழுதி அடித்துவிட்டேன். இனி நீங்கள்தான் முடிக்க வேண்டும். கொஞ்சம் சீக்கிரம், தலைவரால் தாங்க முடியவில்லை.