தூணுக்குப் பின்னால் இரண்டு இருக்கைகள்

எங்கள் நகரத்துப் பழைய நாடக அரங்கை யாராவது புகழ்ந்து பேசினால் எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. அழகான கட்டடம்தான், மறுக்கவில்லை. கூரையில் சுண்ணாம்புத் தேவதைகள், சிவப்பு வெல்வெட் இருக்கைகள், மாடியைத் தாங்கி நிற்கும் இரும்புத் தூண்கள், அவற்றைச் சுற்றிப் பூவேலை. அந்தத் தூண்களோடுதான் எனக்குத் தகராறு. நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை தெளிவாக இருப்பதில் என் பங்கும் உண்டு. அப்பேர்ப்பட்டவன் என் மனைவியை அழைத்துப் போய் ஒரு தூணுக்கு நேர் பின்னால் உட்கார வைத்தேன்.

எங்கள் மகள் ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் கை நிறையச் சம்பாதித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒருநாள், வேலையை விட்டுவிட்டேன், நடிக்கப் போகிறேன் என்றாள். என் மனைவி அஞ்சலகக் கவுன்டரிலேயே ஆயுளில் பாதியைக் கழித்து ஓய்வு பெற்றவள். மாதச் சம்பளத்தை மூச்சுக்காற்று மாதிரி நினைப்பவள். அவள் கத்தவில்லை, அழவில்லை. மகளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். சாப்பிட்டாளா, இருமல் நின்றதா என்ற விசாரணையெல்லாம் என் வழியாகத்தான் போகும். பதிலும் என் வழியாகத்தான் வரும். முத்திரை குத்தாத குறையாக நானே ஒரு தபால் நிலையமாகிப் போனேன்.

இதுவரை மகள் நடித்ததெல்லாம் சின்னச் சின்ன மன்றங்களில். மனைவி ஒன்றுக்கும் வரவில்லை. இந்த முறை பெரிய அரங்கு, அவளுக்கென்று ஒரு முழுக் காட்சி. நான் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. கடைசியில் இறங்கி வந்தாள்.

"ஒரே ஒரு தடவை வர்றேன். பாத்துட்டு என் மனசுல பட்டதைச் சொல்லுவேன். அதுக்கப்புறம் யாரும் என்னை நச்சரிக்கக் கூடாது."

மகளிடம் போனில் சொன்னேன். இடைவேளைக்கு அப்புறம்தான் தான் மேடைக்கு வருவதாகவும், நீதிமன்றக் காட்சியில் சாட்சியாக நடிப்பதாகவும் சொன்னாள். "மேடைக்கு இடது பக்கம் ஒரு பெஞ்ச் இருக்கும்ப்பா. வந்து உக்காந்தா, முடியற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். அம்மாவை அந்தப் பக்கமே பாக்கச் சொல்லு."

இலவச அனுமதிச் சீட்டு தருகிறேன் என்றாள். நான் வேண்டாம் என்றேன். காசு கொடுத்துப் பார்த்தால்தான் கலைக்கு மரியாதை என்று ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன். டிக்கெட் விற்கிற தளத்தில் 'பாரம்பரிய இருக்கை' என்று ஒரு வகை இருந்தது. பெயரே ராஜா வீட்டு ஊஞ்சல் மாதிரி இருக்கிறதே என்று இரண்டு வாங்கினேன்.

பாரம்பரியம் என்று அவர்கள் சொன்னது தூணை. மாடிக்குக் கீழே, எங்கள் மூக்குக்கு நேராக, தூரத்துச் சொந்தக்காரர் மாதிரி நகராமல் நின்றிருந்தது. மேடையின் வலது பாதி தெரிந்தது. இடது ஓரத்தில் ஒரு திரைச்சீலையின் நுனி தெரிந்தது. நடுவில் இருந்ததெல்லாம் பூவேலை; மகள் சொன்ன பெஞ்சின் இடமும் அதற்குள்தான். நான் மனைவியோடு இடம் மாற்றிப் பார்த்தேன். அங்கிருந்து திரைச்சீலை மட்டும் இன்னும் கொஞ்சம் தெரிந்தது.

முதல் பாதி முழுக்க ஆட்கள் வலதுபுறமாக வந்தார்கள், நடந்தார்கள், தூணுக்குள் போய் மறைந்தார்கள். சிலர் திரும்பி வரவே இல்லை. ஒரு சண்டை நடந்தது, கைதட்டல் எழுந்தது, யார் யாரை அடித்தார்கள் என்று தெரியவில்லை.

"தூணுக்குள்ள ஒரு குடும்பமே குடியிருக்கு போல," என்றாள் மனைவி. சிரிக்கவில்லை.

எங்களுக்குப் பின் வரிசையில் ஒரு பல் மருத்துவரும் அவருடைய மனைவியும் இருந்தார்கள். வருடக்கணக்காக இதே இருக்கைகளில்தான் பார்க்கிறார்களாம். அவர் வலது பக்கம் சாய்ந்து ஒரு பாதியைப் பார்ப்பார், அந்த அம்மா இடது பக்கம் சாய்ந்து மறு பாதியைப் பார்ப்பார். வீட்டுக்குப் போகிற வழியில் இரண்டையும் ஒட்டவைத்துக்கொள்வார்களாம். "பழகிடும் சார்," என்று என் தோளைத் தட்டினார். பல்லைப் பிடுங்கும் முன்பும் இப்படித்தான் தட்டுவார் என்று நினைக்கிறேன். எனக்குக் கோபம் வந்தது அந்த நிமிடத்தில்தான். தூண் மறைப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மறைப்பது பழகிவிடும் என்று எங்களைப் போன்றவர்களை நம்ப வைத்திருக்கிறார்களே, அதை எப்படிப் பொறுப்பது?

அப்போதுதான் முன் வரிசை கண்ணில் பட்டது. நட்டநடுவில் ஏழெட்டு இருக்கைகள், வெள்ளை உறை போட்டு, ஈ காக்கை இல்லாமல் கிடந்தன.

இடைவேளையில் நான் கிளம்பினேன். டிக்கெட் கொடுப்பவர் மேற்பார்வையாளரைப் பார்க்கச் சொன்னார், மேற்பார்வையாளர் மேலாளரைக் கை காட்டினார். மேலாளர் கழுத்துப்பட்டை கட்டிய, நிதானமான மனிதர். தூணின் வரலாற்றை முழுதாகச் சொன்னார். எந்தக் கப்பலில் வந்தது, யார் வார்த்தது எல்லாம். அதை அசைக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறதாம்.

தூணை அசைக்க வேண்டாம், எங்களை அசையுங்கள், காலியாகக் கிடக்கிற முன் வரிசைக்கு மாற்றுங்கள் என்றேன். அது அரங்கின் புரவலர்களுக்காம். அவர்கள் எப்போது வருவார்கள் என்று கேட்டேன்.

"வரலாம் சார். வராமலும் போகலாம். இதுவரைக்கும் அந்த சீட்டைப் பத்தி யாரும் புகார் சொன்னதில்ல, உங்க சீட்டைச் சொல்றேன்."

"எதையாவது பாத்திருந்தாத்தானே சார் எதைப் பாக்கலைன்னு சொல்ல முடியும்?"

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து காப்பிக்கு இரண்டு டோக்கன் எடுத்துக் கொடுத்தார். அதை அவர் முகத்தில் விட்டெறிந்திருக்க வேண்டும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன். என் வீரத்தின் எல்லை அவ்வளவுதான். வரலாம், வராமலும் போகலாம் என்கிறவர்களுக்கு வெள்ளை உறை போட்ட மெத்தை. வந்தே விட்டவர்களுக்குத் தூண். பெற்ற பெண்ணை ஒரே ஒரு தடவை பார்க்க வந்தவளுக்கும் அதே தூண். நடைபாதை நெடுக மனதுக்குள் வாதாடிக்கொண்டே வந்தேன். மனதுக்குள் நான் தோற்றதே இல்லை.

மணி அடித்து விளக்கு அணைந்துகொண்டிருந்தது. தூணுக்குப் பின்னால் மனைவி இல்லை. கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள் என்றே நினைத்தேன். பல் மருத்துவர் என் முழங்கையைச் சுரண்டி முன்னால் காட்டினார்.

முன் வரிசையில், நட்டநடுவில், வெள்ளை உறையைக் கழற்றி நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். அரங்கு ஊழியர், நரைத்த மீசைக்காரர் ஒருவர் குனிந்து அவள்மேல் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். நான் ஓடினேன்.

"அம்மா, இது பெரிய மனுஷங்களுக்குன்னு வெச்சிருக்கிற சீட்டும்மா," என்று அவர் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"வரட்டும். வந்தா எந்திரிச்சுக்கறேன்," என்றாள். "கவுன்டர்ல இருந்தப்போ, வரிசையில பையை வெச்சுட்டு டீ குடிக்கப் போவாங்க. பைக்கெல்லாம் நான் தபால்தலை கொடுத்ததில்ல. இது துணி. துணி நாடகம் பாக்குமா?"

திரை உயர்ந்தது. மீசைக்காரர் விளக்கை அணைத்துவிட்டு நகர்ந்தார். மனசாட்சி உள்ளவர். நான் பக்கத்து உறையை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன். குற்றம் செய்வது எனக்குப் பழக்கமில்லை, வேடிக்கை பார்த்துத்தான் பழக்கம்.

மகள் வந்தாள். சாயம் போன மேலங்கி, வாரிக் கட்டிய தலை. பெஞ்சில் உட்கார்ந்து நிமிர்ந்தவள் எங்களைப் பார்த்தாள். முகத்தில் எதுவும் மாறவில்லை. கைகள் மட்டும் ஒரு கணம் அசையாமல் நின்றன.

அந்த நேரம் பார்த்து மேலாளர் வந்தார். எங்கள் முன்னால் நின்று, தாழ்ந்த குரலில் விதிமுறைகளை ஆரம்பித்தார்.

"சார், இப்போ என் பொண்ணு பேசற நேரம்," என்றாள் மனைவி. "நீங்க அப்புறமா பேசுங்க."

அவர் விடவில்லை. இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "உக்காருங்க சார், மறைக்குது."

அவர் திரும்பிப் பார்த்தார், இன்னும் இரண்டு பேர் உச்சுக்கொட்டினார்கள். வேறு வழியில்லாமல் என் பக்கத்தில் உறையோடு இருந்த இருக்கையில் மெல்ல உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவரும் நாடகம்தான் பார்த்தார்.

மேடையில் நீதிபதி ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டார். மகள் மூன்று தடவையும் ஒரே பதிலைச் சொன்னாள். முதலில் பயந்து சொன்னாள், பிறகு அலுத்துப்போய். மூன்றாவது தடவை, இனி என்னை என்ன செய்துவிட முடியும் என்பது போல அவ்வளவு மெதுவாகச் சொன்னாள். அரங்கில் ஒருவர்கூட இருமவில்லை. நான் மனைவியைப் பார்த்தேன். மடித்த உறையைப் பிசைந்து பிசைந்து கசக்கிவிட்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது. பிடித்திருக்கிறதா, இல்லையா, எனக்குப் புரியவில்லை. இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியும் இதுதான் நிலைமை.

நாடகம் முடிந்து, நடிகர்கள் வெளியே வருகிற பக்கவாசலில் நின்றோம். மகள் முகப்பூச்சைப் பாதி துடைத்தும் துடைக்காமலும் வந்து, அம்மாவுக்கு இரண்டடி தள்ளியே நின்றுவிட்டாள். எப்படி இருந்தது என்று அவள் கேட்பதற்கு முன்பே மனைவி கேட்டாள்.

"அந்த பெஞ்சை யாரு அங்க கொண்டுபோய்ப் போட்டது?"

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு, "டைரக்டர்மா," என்றாள்.

"அவரு எங்க உக்காந்து பாத்துட்டு அங்க போடச் சொன்னாரு?"

"முன் வரிசையிலதான்மா. ஏன்மா, நல்லா இல்லையா?"

"நல்லா இருந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியும். எனக்குப் பின்னாடி உக்காந்திருந்தவங்களுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பல் டாக்டரு உன் முகத்தை வீட்டுக்குப் போய்க் கேட்டுத் தெரிஞ்சுக்கணுமா? உள்ளதான் இருக்காரா உங்க டைரக்டரு?"

கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் பக்கவாசல் வழியாக உள்ளே போனாள். அம்மா வேணாம்மா, அம்மா நில்லும்மா என்று மகள் பின்னாலேயே ஓடினாள். நான் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். உள்ளேயிருந்து அவள் குரல் கணீரென்று கேட்டது.

"தூணுக்குப் பின்னாடி இருக்கறவங்களும் டிக்கெட் வாங்கினவங்கதான் சார். அவங்களும் என் பொண்ணைப் பாக்கணும். நாளைக்கு அந்த பெஞ்சு எங்க இருக்கும்னு இப்பவே காட்டுங்க."

பிறகு ஏதோ மரச்சாமானைத் தரையில் இழுக்கிற சத்தம் கேட்டது.