பிராடோவுக்கு வெட்டிய வக்கடை

மீராமுகைதீன் வெட்டிய வக்கடை சின்னதுதான். நாலு மண்வெட்டி மண். வரம்பை வெட்டி வயலுக்குத் தண்ணீர் விடுகிற அந்த வாயை, பின்னேரம் அசர் தொழுத கையோடு போய், வயல் பக்கம் விடாமல் வண்டிப்பாதைப் பக்கம் திறந்துவிட்டான். காலையில் றிஸ்கானின் பிராடோ ஜீப் அந்தச் சேற்றில் அடிவயிறு வரைக்கும் புதைய வேண்டும். பிறகு ஒரு லேண்ட்மாஸ்டர், அந்த இரண்டு சில்லு உழவு மெஷின், வந்து, ஊர் பார்த்திருக்க, அதை இழுத்துக் கரையேற்ற வேண்டும். அது யாருடைய லேண்ட்மாஸ்டர் என்பதும் அவன் மனதில் முடிவாகியிருந்தது.

காலையில் புதைந்தது அந்த லேண்ட்மாஸ்டர்தான். தண்ணீருக்கு யார் மேல் யாருக்கு எரிச்சல் என்ற விபரம் தெரியாதே. அது தன்பாட்டில் பள்ளம் பார்த்துப் போய் மீராமுகைதீனின் களத்து வாசலில் படுத்துக்கொண்டது. மேல்மண் காய்ந்ததுபோல் கிடக்க, அதை நம்பி அவன் தன் லேண்ட்மாஸ்டரை நெல் மூடைகளோடு இறக்கினான். சில்லு இரண்டும் சேற்றுக்குள் மறைந்தன. பின்னால் மாட்டியிருந்த மூடைப் பெட்டி ஒரு பக்கம் சரிந்து நின்றது.

அடுத்த வயல்காரர், காரைதீவுச் சாமித்தம்பி, வந்து வக்கடையைப் பார்த்தார். பிறகு இவனைப் பார்த்தார்.

"எலி வெட்டியிருக்கு போல மீரா. மண்வெட்டி வச்சிருக்கிற எலி."

மீராமுகைதீன் சிரித்தான். ஊரில் எல்லாரையும் பகிடி பண்ணுகிறவன் தன்மேல் வரும் பகிடிக்கும் சிரித்துத்தானே ஆக வேண்டும்.

றிஸ்கான் அவனுடைய மனைவி ஹப்ஸாவின் மாமி மகன். உரிமை மச்சான். முதலில் ஹப்ஸாவை றிஸ்கானுக்குத்தான் கேட்டு வந்தார்கள். பேச்சு எப்படியோ முறிந்தது. மீராமுகைதீன் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனான். ஏன் முறிந்தது, ஹப்ஸாவின் மனசு அப்போது எந்தப் பக்கம் நின்றது என்பதை இன்றுவரை ஒருவரும் அவனுக்குச் சொல்லவில்லை. அவளிடம் கேட்டால் தேத்தண்ணி ஆறுகிறது என்பாள். இன்னும் வற்புறுத்தினால் மாவரைக்கப் போய்விடுவாள்.

றிஸ்கான் அக்கரைப்பற்றில் சைக்கிளில் போய் இரும்புக்கடை நடத்திய காலத்தில் இந்தக் கேள்வி அவ்வளவாகக் கடிக்கவில்லை. பிராடோ வந்த பிறகுதான் பிடித்தது வினை. அதைப் பளபளவென்று துடைத்துக் கலியாண வீடுகளுக்கு மட்டும் ஓட்டியிருந்தால் மீராமுகைதீன் பிழைத்திருப்பான். ஒரு வருஷத்துக்குப் போதுமான பகிடி அதில் கிடைத்திருக்கும். அந்த மனிசனோ பின்னால் கொளுக்கி வைத்து, நெல் பெட்டியை மாட்டி, வயலுக்குள் இறக்கிவிட்டார். தோல் சீட்டில் யூரியா மூடைகள் புதுமாப்பிள்ளை மாதிரிச் சாய்ந்துகொண்டு வந்தன. அந்த வயல் வட்டையில் யாருடைய வண்டி புதைந்தாலும் அதுதான் இழுத்தது. முன்பெல்லாம் அப்படிக் கூப்பிடுவது மீராமுகைதீனை.

அதையும் பொறுத்தான். முந்தாநாள் ஹப்ஸா மீன் கழுவிக்கொண்டே, "மச்சான்ட வாகனம் நல்லா இழுக்குதாமே" என்றாள். அதற்குத்தான் வக்கடை.

இப்போது பிராடோவில் வந்து சேர்ந்த றிஸ்கான் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம். கயிற்றைக் கொளுவிவிட்டு, "ஹேண்டிலை நேரா புடிங்க காக்கா" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார், அவ்வளவுதான். தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்குவதுபோல, ஒரு மூடை கூட விழாமல் பிராடோ இழுத்து எடுத்தது.

லேண்ட்மாஸ்டரின் பெல்ட் அறுந்துபோயிருந்தது. வீட்டில் விடுவதாக றிஸ்கான் கூப்பிட்டார். சேற்றைச் சொல்லி மறுத்துப் பார்த்தான். அவர் கதவைத் திறந்துவிட்டார். சீட் அழுக்காகட்டும் என்று மீராமுகைதீன் கொஞ்சம் அழுத்தியே உட்கார்ந்தான். அங்கே ஏற்கெனவே பதரும் உரமும் காய்ந்த சேறும் கிடந்ததில் இவனுடைய சேறு எடுபடவில்லை. ஏசியின் குளிர் முகத்தில் பட்டது. சுகமாகத்தான் இருந்தது. அந்தச் சுகம்தான் அவனுக்குத் தாங்கவில்லை.

வாசலில் ஹப்ஸா நின்றாள். றிஸ்கான் இறங்காமலே சலாம் சொல்லி, பிள்ளைகளைச் சுகம் விசாரித்து, வயலில் நெல் வெட்டு மெஷின் காத்திருக்கிறதென்று திரும்பிப் போனார். ஹப்ஸா வாகனத்தைப் பார்க்கவில்லை. மீராமுகைதீன் கவனமாகப் பார்த்தான். அவள் பார்த்தது இவனுடைய கால்களை.

பைப்படியில் உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றினாள். வக்கடைக் கதை அதற்குள் வீடு வந்து சேர்ந்திருந்தது.

"வெட்டினது நீங்கதானே?"

ஓம் என்றான்.

"ஒண்டு கேப்பன் புள்ள. மாவரைக்கப் போகாம சொல்லு. றிஸ்கானைக் கலியாணம் முடிச்சிருக்கலாம் எண்டு நீ நினைச்சயா?"

ஹப்ஸா பைப்பைப் பூட்டினாள். கையைத் துடைத்துக்கொண்டு அவனுக்கு முன்னால் குந்தினாள்.

"ஓம், நினைச்சன். பேச்சை முறிச்சது எங்கட உம்மா, நானில்ல. உங்கள முடிச்ச புதுசில ஒளிச்சிருந்து அழுதிருக்கன். பிறகு நீங்க பேக்கதை, பகிடிக்கதை எண்டு கதைச்சுக் கதைச்சு என்னைச் சிரிக்க வச்சீங்க, எனக்கு அந்த மனிசன்ட நினைப்பே இல்லாமப் போயிட்டு. இந்த வீட்டுக்குள்ள அவரை நாளாந்தம் கூட்டிக்கொண்டு வாறது நீங்கதான்."